அடிக்கடி கை கழுவ வேண்டிய வேலையில் இருப்பவர்கள் கையையும் நகத்தையும் எப்படிப் பாதுகாப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன்: சாப்பாட்டுக் கடையில் வேலை, நாள் முழுக்கக் கை கழுவ வேண்டியிருக்கிறது, விரல் இடுக்குகள் வெடித்து எரிகின்றன, நகம் நுனியில் படலம் படலமாக உரிகிறது, எந்தக் கிறீம் நல்லது?

நான் கொழும்பில் தாதியாக வேலை செய்கிறேன். நோயாளியைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்ட பின் ஒரு தடவை என்று எங்கள் கைகளும் ஈரத்திலேதான் கிடக்கின்றன. கிறீம் இரண்டாவது விஷயம். முதலாவது, கழுவும் விதம். அதை மாற்றாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் பூசினாலும் அடுத்த கழுவலோடு அது போய்விடும்.

தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் 5 அளவில் இருக்கும்; 7 நடுநிலை. சவர்க்காரக் கட்டியோ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. அது அழுக்கோடு சேர்த்து, தோலின் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் கொழுப்பையும் கழற்றிக்கொண்டு போகிறது. உடம்பு அந்தக் கொழுப்பைத் திரும்பவும் உண்டாக்கும். ஆனால் அதற்குச் சில மணி நேரமாவது வேண்டும். அதற்குள் நாங்கள் மறுபடி குழாயடிக்குப் போய்விடுகிறோம். கொழும்புப் புழுக்கத்தில் தோல் எப்படி வறளும் என்று கேட்பார்கள். வெளியே எவ்வளவு வியர்த்தாலும், கொழுப்புப் போன தோல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஏசி அறையில் வேலை என்றால் இன்னும் மோசம்.

பச்சைத்தண்ணீரில் கழுவினால் போதும். கை பொறுக்கிற சூட்டில் கிருமி சாகாது, தோலின் கொழுப்புத்தான் வேகமாகக் கரையும். கையை நனைத்த பிறகே சவர்க்காரம் போடுங்கள். வாசனை சேர்க்காத, மென்மையான திரவ சவர்க்காரம் நல்லது. கடைச் சமையலறைகளின் குழாயடியில் பெரும்பாலும் இருப்பது பாத்திரம் கழுவும் விம்மோ, உடுப்புத் தோய்க்கும் சன்லைட்டோதான். சட்டியில் ஒட்டிய எண்ணெயை எடுப்பதற்கென்று செய்ததைக் கையில் தேய்த்தால் கை என்னத்துக்கு ஆகும்? உங்கள் கடையிலும் இந்த நிலைமை என்றால் முதலாளியிடம் கட்டாயம் கதையுங்கள். அதுவரை ஒரு சின்னப் போத்தலில் உங்களுக்கென்று கொண்டுபோங்கள். கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி கலக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கழுவிய பின் விரல் இடுக்கு வரை நன்றாக அலச வேண்டும், துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். எங்களோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு மோதிர விரலில் மட்டும், மோதிரத்தின் அகலத்துக்குச் சரியாக, சிவந்து தோல் உரிந்துகொண்டே இருந்தது. செட்டியார் தெருவில் வாங்கிய மோதிரம், பவுண் சரியில்லையோ என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. பவுணில் ஒரு பிழையும் இல்லை. மோதிரத்துக்கு அடியில் சவர்க்கார நுரையும் ஈரமும் தங்கி நின்றதுதான் காரணம். இப்போது அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார், விரல் ஆறிவிட்டது.

கழுவுவதற்குப் பதிலாகக் கையில் பூசும் அற்ககோல் திரவம் தோலைக் காய வைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில், கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத நேரங்களில் சவர்க்காரத்தைவிடத் தோலுக்கு அதுவே இதம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவைகளில் ஒன்றில் 80 சதவீதம் எதனோல் என்ற அற்ககோல் இருக்கிறது, தோலுக்காகவே 1.45 சதவீதம் கிளிசரோலும் சேர்த்திருக்கிறார்கள். பூசும்போது எரிகிறது என்றால் தோல் ஏற்கனவே வெடித்திருக்கிறது என்று அர்த்தம். மலசலகூடம் போய் வந்தாலோ, பச்சை மீன், இறைச்சி தொட்டாலோ, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ சவர்க்காரமும் தண்ணீரும்தான். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் கழுவிய ஈரக்கையிலேயே உடனே அற்ககோலையும் பூசாதீர்கள். அது தோலுக்கு இரட்டை அடி.

இனிக் கிறீம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரும்புக் கேற்றில் துருப் பிடித்த பிறகு பெயின்ற் அடித்துப் பயனில்லை. கையும் அப்படித்தான், வெடிக்கும் வரை காத்திருக்காமல் கழுவித் துடைத்த கையோடு பூசவேண்டும். தண்ணியாக ஓடும் லோஷனைவிடக் கெட்டியான கிறீமும், அதைவிட வாஸ்லினும் அதிக நேரம் நிற்கும். நாங்கள் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள்; சோற்றில் கிறீம் வாசனை வந்தால் யாருக்கும் பிடிக்காது. அதனால் பகலில் வாசனையில்லாத கிறீம் கொஞ்சமாக, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பூசுங்கள். இரவு படுக்கும்போது வாஸ்லினைத் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போடுங்கள், பழைய பருத்திக் காலுறை என்றாலும் பரவாயில்லை. நல்ல தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் வெடிப்பு ஆழமாக இருந்தால் வாஸ்லின்தான். மலிவாகக் கிடைக்கும் அக்குவஸ் கிறீமில் சோடியம் லோறில் சல்பேற் என்ற நுரைக்கும் பொருள் இருப்பதுண்டு. அதைப் பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரிச்சல் கூடும். 2013இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரித்தது. யூரியா சேர்ந்த கிறீம் தடித்த தோலுக்கு நல்லது, திறந்த வெடிப்பில் பட்டால் கடுக்கும்.

சமையல் வேலை என்பதால் இன்னொன்றையும் கேட்கவேண்டும். எந்த விரல்களில் கூடுதலாக வெடிக்கிறது? வெள்ளவத்தையில் இடியப்பமும் சம்பலும் செய்து விற்கும் ஒரு அக்காவுக்கு இடக்கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து, கோடு கோடாகப் பிளந்திருந்தன. வலக்கை சுத்தமாக இருந்தது. வலக்கைக்காரர் உள்ளி உரிக்கும்போது பல்லைப் பிடிப்பது இடக்கையின் அந்த மூன்று விரல்கள்தான். உள்ளியில் உள்ள சில கந்தகச் சேர்மங்களுக்கு ஒவ்வாமை வந்தால் இப்படித்தான் காட்டும். அவர் உள்ளி உரிக்கும் வேலையை மகளிடம் கொடுத்த பிறகுதான் விரல்கள் ஆறத் தொடங்கின. மெல்லிய கையுறை போட்டுப் பார்த்தும் அவருக்குச் சரிவரவில்லை. உள்ளியின் அந்தச் சேர்மங்கள் கையுறையையும் ஊடுருவக்கூடியவை.

நகத்துக்கு ஈரமாவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் பகை. அதனால்தான் நுனி படலமாக உரிகிறது. ஒட்ட வெட்டி, ஒரே திசையில் அராவி, கிறீம் பூசும்போது நகத்தின் மேலும் அடியிலும் தேய்த்துவிடுங்கள். கியூடெக்ஸ் அழிக்கும் அசிற்றோனைக் கொஞ்ச நாளைக்குத் தொடவேண்டாம். மிக முக்கியமாக, நகம் தோலோடு சேரும் இடத்தில் இருக்கும் மெல்லிய விளிம்பை வெட்டவோ பின்னால் தள்ளவோ சலூனில் விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுதான். அது போனால் ஈரமும் பங்கசும் புகுந்து நகச்சுற்று வரும். நகச்சுற்றுக்குத் தேசிக்காயில் விரலைச் செருகுவது எங்கள் வீடுகளில் வழமை. வெடித்த தோலில் அந்தப் புளி எரிச்சலைத்தான் கூட்டும். தேசிப்புளி பட்ட கையோடு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளிக்கவும் கூடும். நகத்துக்கென்று எடுக்கும் பயோட்டின் விற்றமின் குளிசைக்குப் பெரிதாக ஆதாரமில்லை. எடுக்கிறீர்கள் என்றால் இரத்தப் பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள், தைரொயிட் போன்ற சில முடிவுகளைப் பிழையாகக் காட்டிவிடும்.

கையுறை போடுங்கள், ஆனால் உலர்ந்த கையில், உள்ளே பருத்தி உறையோடு, நீண்ட நேரம் போடாமல். உள்ளே வியர்த்து ஊறினால் அதுவும் ஈரவேலைதான். சத்திரசிகிச்சைக் கையுறை வந்த கதையே ஒரு தாதியின் கைகளில்தான் தொடங்குகிறது. 1889 அளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதியின் கைகள் பாதரசக் குளோரைட் கரைசலால் புண்ணாகிப்போயின. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். தொழிலாளியின் கை புண்ணானால் வேலையிடம்தான் வழி தேட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலாளியிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

பாமசியில் ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, அன்ரிபயோட்டிக் எல்லாம் ஒன்றாகக் கலந்த கிறீமை நீங்களாக வாங்காதீர்கள். இரண்டு நாளில் சுகமானது போலிருக்கும், தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். சீழ் வைத்தால், நகம் பச்சையாக மாறினால், வெடிப்பில் இரத்தம் வந்தால், இரண்டு மூன்று வாரம் கவனமாக இருந்தும் ஆறாவிட்டால் தோல் வைத்தியரிடம் போங்கள். தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம். தோல் சில வாரங்களில் தேறும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் வளரும், எனவே நகம் முழுவதும் புதிதாக வளர ஆறு மாதமளவில் எடுக்கும்.