இளைஞர்கள் நகரத்துக்குள் வேலை பார்க்க விரும்புகிறார்களா, நகரத்துக்கு வெளியிலா?

கேள்வி கேட்டவர் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துபவர் என்று ஊகிக்கிறேன். வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறது. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ‘இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கும்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று காத்திருக்கிறீர்கள். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். 2014இல் நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

நான் இருப்பது மொரீசியஸில். மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் என்னுடையது. அப்போது அது தலைநகர் போர்ட் லூயிஸில், மத்தியச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்தது. எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. தினமும் ஒரே புலம்பல்: வெயில், மரப்படி கிரீச்சிடுகிறது, ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை, ஐந்து மணிக்கு மேல் தெருவே காலியாகிவிடுகிறது. நானும் அதை அப்படியே நம்பினேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே எபேன் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம், இப்போது அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த சைபர் நகரம். போர்ட் லூயிஸைவிட உயரமான இடம், காற்றும் குளிர்ச்சி. ‘பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்’ என்று சொல்லிக்கொண்டே அந்த ஆண்டு நவம்பரில் இடம் மாறினேன். முதல் வாரம் எல்லோரும் ஜன்னலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நவம்பருக்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

‘சம்பளம் குறைவாகக் கொடுத்திருப்பாய்’ என்று யாரோ எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இடம் மாறியபோது எல்லோருக்கும் உயர்த்தித்தான் கொடுத்தேன். பஸ் கட்டணத்தையும் கொடுத்தேன். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதைத் தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க வணங்காது’ என்று எழுதப் போகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள்.

போன ஐவரில் ஒரு பெண் வடக்கே குட்லேண்ட்ஸ் ஊர்க்காரி. இருபத்திரண்டு வயது. அவள் முடித்த கணக்கில் நான் பிழை கண்டதேயில்லை. வடக்கிலிருந்து வரும் பஸ் போர்ட் லூயிஸில் இமிகிரேஷன் ஸ்குவேரில் இறக்கிவிடும். எங்கள் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் அதற்கு அடுத்தாற்போலத்தான் இருக்கிறது; பிழைப்புக்காக வருகிறவர்கள் இறங்கும் இடம் இன்னும் மாறவில்லை. பழைய அலுவலகம் அங்கிருந்து நடக்கிற தூரம். அப்போது எபேனுக்கு என்றால் நகரத்தைக் குறுக்கே நடந்து கடந்து, விக்டோரியா நிலையத்துக்குப் போய், இன்னொரு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மாலையில் இதே கதை தலைகீழாக. இரவு ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்பி நிற்பது எங்கள் ஊரில் தவம்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் காரில் போகிறவள். பம்ப்ளமூஸில் வீடு, மலைக்குப் பின்புறமாகப் போகும் டெர் ரூஜ் - வெர்தன் சாலை அப்போது புதியது, போர்ட் லூயிஸ் நெரிசலைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடுவேன். இடம் பார்க்கப் போன அன்று என் கைக்கடிகாரத்தை வைத்துத்தான் தூரத்தை அளந்தேன். 2015இல் அந்தச் சாலையின் ஒரு பகுதி விரிசல்விட்டுச் சரிந்து மூடப்பட்டது. நானும் நகரத்து நெரிசலுக்குள் போய் நின்றேன். பக்கத்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டே நின்றவர்களை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு அந்தக் குட்லேண்ட்ஸ் பெண் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தாள். இங்கே அன்றைக்கு அரசு விடுமுறை. ஆனால் விரதம் அதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடும். மாலைப் பூஜைக்குக் கோயிலில் இருக்க வேண்டும். முதல் மூன்று நாளும் அவள் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை முடிந்திருந்தது. நான்காம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். “மதாம், நாலு மணிக்குப் போகலாமா?” என்று கேட்டாள். மாதக் கடைசி. முடியாது என்றேன். காவடி முடிந்த மறுவாரம் கடிதம் கொடுத்துவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

(காவடி என்றதும் ‘அங்கேயெல்லாம் தமிழர்கள் இருக்கிறீர்களா?’ என்று கேட்டு எழுதாதீர்கள். போன முறை இந்தத் தளத்தில் நான் எழுதியபோது ஒருவர் ‘தேனிலவுத் தீவில் அலுவலகம்கூட இருக்கிறதா’ என்றார், இன்னொருவர் ‘உங்கள் தமிழ் பரவாயில்லையே’ என்று கிளிப்பிள்ளையைப் பாராட்டுவதுபோலப் பாராட்டினார். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது ஐயா. வீட்டில் கிரியோல் பேசிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் தமிழைப் பாடமாக எடுத்துப் படித்தவள் நான். வீட்டிலேயே தமிழ் கிடைத்தவர்கள் மதிப்பெண் போட வர வேண்டாம்.)

சரி, கேள்விக்கு வருகிறேன். என்னோடு தங்கிய மூவரும் யார் தெரியுமா? ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்துப் பிள்ளைகள். எபேன் அவர்களுக்கு வீட்டு வாசல். அவர்களிடம் கேட்டால் ‘நகரத்துக்கு வெளியேதான் வேலை பிடிக்கும்’ என்பார்கள், குட்லேண்ட்ஸ்காரியிடம் கேட்டால் ‘நகரம்தான்’ என்பாள். வயது ஒன்றுதான், படிப்பும் ஒன்றுதான். ஆகவே உங்கள் ஆட்களின் முகவரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, காரை வீட்டில் விட்டுவிட்டு, ஒவ்வொருவர் ஊரிலிருந்தும் ஒரு நாள் பஸ்ஸில் வந்து பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஊரில் நல்ல ரயில் இருக்கலாம், நான் சொல்வது பொருந்தாமலும் போகலாம். இங்கேயும் 2023இலிருந்து எபேன் வரை மெட்ரோ ஓடுகிறது. அது வந்த பிறகு வடக்கிலிருந்து விண்ணப்பங்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன.

போன மாதம் நேர்காணலுக்கு வந்த ஒரு பையன் குட்லேண்ட்ஸ் என்றான். குடும்பப் பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, அவளுடைய தம்பி. அக்கா போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாளாம். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றேன். சம்பளத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.

“தைப்பூச விரத நாட்களில் எத்தனை மணிக்கு விடுவீர்கள், மதாம்?”

நான்கு மணிக்கு என்றேன்.