ஆப்பிரிக்கக் கிறிஸ்தவப் பெண்ணியம் வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய சரக்குதானா?

ஆப்பிரிக்காவின் கூட்டு வாழ்வு அறமே இவ்வளவு உயர்ந்ததாக இருக்கும்போது அங்கே கிறிஸ்தவப் பெண்ணியத்துக்கு என்ன வேலை, அது மேற்கிலிருந்து இறக்குமதி ஆனதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறக்குமதி இல்லை. இதில் முன்னால் நின்றவர் கானாவின் மெர்சி அம்பா ஒடுயோயே. அக்கான் இனத்தவர், மெதடிஸ்ட் போதகரின் மகள். 1981-ல் டெல்லியில் மூன்றாம் உலக இறையியலாளர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் விடுதலையைப் பற்றி முழங்கிய தன் அணி ஆண்களிடமே 'உங்கள் பட்டியலில் பெண்கள் எங்கே' என்று சண்டைக்கு நின்றவர். 1989-ல் அக்ராவில் ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர்களுக்கென்று ஒரு வட்டமே அவர் முயற்சியில் தொடங்கியது.

உங்கள் முதல் கேள்விதான் கனமானது. 'நாம் இருக்கிறோம், அதனால் நான் இருக்கிறேன்' என்று கென்யாவின் ஜான் இம்பிட்டி 1969-ல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். இந்தப் பெண்கள் அதை மறுக்கவில்லை. அந்த 'நாம்' நிலைத்திருக்க யார் விலை கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். ஒடுயோயேவுக்குப் பிள்ளைகள் இல்லை. வம்சம் தாய்வழியாக இறங்கும் அக்கான் சமூகத்தில் மகள் பெறாத பெண் என்றால் ஒரு கிளையே அங்கே நின்றுவிடுகிறது. சபைக்குப் போனால் அங்கேயும் 'பலுகிப் பெருகுங்கள்'தான். மரபும் வேதாகமமும் கைகோத்து ஒரே பெண்ணை நெருக்குவதை அவர் தன் பெயரிலேயே எழுதினார். நம் ஊர்க் கல்யாண ஆராதனைகளில் 'உன் மனைவி கனிதரும் திராட்சக்கொடி' என்கிற 128-ம் சங்கீதம் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அக்கான் பழமொழிகளையும் அவர் விடவில்லை. விடிந்தது பெட்டைக்கோழிக்கும் தெரியும், ஆனால் அது சேவலின் வாயைப் பார்த்திருக்கும் என்று அங்கே சொல்வார்கள். 'பொட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கவனியுங்கள், அவர்கள் பழமொழியில் கோழிக்கு விஷயம் தெரியும் என்றாவது ஒப்புக்கொள்கிறார்கள்!

இது புத்தகத்தோடு நின்றுவிடவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1990-களில் வேதாகம ஆய்வாளர்கள் சிலர் சபைப் பெண்களோடு சேர்ந்து 2 சாமுவேல் 13-ஐ வாசிக்கத் தொடங்கினார்கள். பிரசங்க பீடத்தில் அதிகம் எடுக்காத அதிகாரம் அது: தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கதை. சத்தமாக வாசித்துவிட்டுச் சிறு குழுக்களாக உட்கார்வார்கள். கேள்விகள் எளியவை. இதில் ஒவ்வொரு ஆணும் என்ன செய்தான்? அம்னோனின் நண்பன் யோனதாப் தந்திரம் சொல்லிக்கொடுத்தான். தாவீது கோபப்பட்டதோடு சரி. வேலைக்காரன் அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். தாமாரின் அண்ணன் அப்சலோம், 'அவன் உன் சகோதரன், சும்மாயிரு' என்றான். தாமார் என்ன செய்தாள்? இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது என்று வாதாடினாள். அதாவது அவள் நம்பியது சமூக அறத்தை. அவளைக் கைவிட்டதும் குடும்பமானம் என்ற பெயரில் அதே சமூகம்தான். அடுத்த கேள்வி, உங்கள் சபையில் தாமார்கள் உண்டா என்பது. அங்கேதான் பெண்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதிலிருந்தே தாமார் இயக்கம் கிளம்பிப் பல நாடுகளுக்குப் போனது. எச்.ஐ.வி. காலத்தில் 'கணவனுக்கு உண்மையாயிரு' என்ற பிரசங்கம் உண்மையாக இருந்த மனைவிகளைக் காப்பாற்றவில்லை என்று போட்ஸ்வானாவின் மூசா டூபே போன்றவர்கள் பேசியதும் இதே தைரியத்தில்தான்.

எனக்குக் குறை ஒன்று உண்டு. இந்த எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், பல்கலைக்கழக வட்டத்துக்குள் சுற்றுகிறது. சந்தையில் மீன் விற்கிற அக்காவை அது எட்டுவது தாமார் வாசிப்பு மாதிரியான வழிகளில்தான். படிக்க நினைத்தால் ஒடுயோயேவின் 'டாட்டர்ஸ் ஆஃப் அனோவா' (1995) புத்தகத்தில் தொடங்குங்கள். பழமொழிகள் வரும் பகுதியை முதலில் படித்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.