எதற்கெடுத்தாலும் ‘மீ டூ’வா?

கேள்வி: ஆங்கிலத்தில் பேசும்போது யார் என்ன சொன்னாலும் எனக்கு ‘மீ டூ’ என்றுதான் வருகிறது. உடன் வேலை செய்பவர் ‘ஐ டோன்ட் லைக் லாங் மீட்டிங்ஸ்’ என்றார். நானும் ‘மீ டூ’ என்றேன், அவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் ‘சோ டூ ஐ’, ‘நைதர் டூ ஐ’ என்கிறார்கள். எங்கே எதைச் சொல்வது?

பதில்: அவர் சிரித்ததை விடுங்கள், நீங்கள் சொல்லவந்தது புரிந்துதான் சிரித்திருப்பார். பிடிக்கும், முடியும் என்று ஒருவர் சொன்னால் ‘மீ டூ’. பிடிக்காது, முடியாது என்றால் ‘மீ நைதர்’. நண்பர்களோடு பேச இந்த இரண்டே தாராளம்.

‘சோ டூ ஐ’ வகைக்கு விதியை மனப்பாடம் செய்வதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது மேல். ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய சொல் பெரும்பாலும் எதிராளியின் வாக்கியத்திலேயே இருக்கும். ‘ஐ ஆம் டயர்ட்’ என்கிறாரா, அந்த ‘ஆம்’ஐப் பிடித்து ‘சோ ஆம் ஐ’ என்று திருப்பிவிடுங்கள். ‘ஐ கான்ட் ஸ்விம்’ என்றால் ‘நைதர் கேன் ஐ’. மறுப்பை ‘நைதர்’ ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது, அதனால் ‘நைதர் கான்ட் ஐ’ என்று இன்னொரு தடவை மறுக்க வேண்டாம். இந்தத் தவறு நிறையப் பேரிடம் உண்டு. (நைதர், நீதர், எப்படி உச்சரித்தாலும் சரிதான்.)

சிக்கல் வருவது பிடித்துக்கொள்ள அப்படி ஒரு துணைச்சொல் இல்லாதபோது. ‘ஐ லைக் மியூசிக்’ என்பதற்கு ‘சோ லைக் ஐ’ வராது, ‘டூ’வைக் கடன் வாங்கி ‘சோ டூ ஐ’. நடந்து முடிந்ததென்றால் ‘டிட்’: ‘ஐ வென்ட் ஹோம் எர்லி’, ‘சோ டிட் ஐ’. அதே ‘ஐ லைக் மியூசிக்’ என்பதற்கு உங்களைப் பற்றி இல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்வதானால் சொல்லும் மாறும், ‘சோ டஸ் மை சிஸ்டர்’.

‘ஹேவ்’ இருக்கிறதே, அது ஏமாற்றும். ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்றால் ‘சோ ஹேவ் ஐ’, ஆனால் ‘ஐ ஹேவ் டு லீவ்’, அதாவது கிளம்பியாக வேண்டும் என்றால் ‘சோ டூ ஐ’தான். ‘நெவர்’ வந்தாலும் கவனம்: ‘ஐ நெவர் டிரைவ் அட் நைட்’ என்ற வாக்கியத்தில் ‘நாட்’ கண்ணில் படாவிட்டாலும் அது மறுப்புதான், ‘நைதர் டூ ஐ’ என்றே ஒத்துக்கொள்ள வேண்டும்.

‘சோ’வுக்குப் பிறகு வரும் சொற்களின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘யுவர் லேஸ் இஸ் அன்டைட்’ என்று யாராவது காட்டினால் குனிந்து பார்த்துவிட்டு ‘சோ இட் இஸ்’ என்பார்கள், அது ‘அட, ஆமாம்!’ என்கிற வியப்பு, ‘நானும்தான்’ அல்ல.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ‘யூ டோன்ட் நீட் திஸ்?’ என்று ஒருவர் கேட்கிறார், உங்களுக்கும் அது வேண்டாம். நம் பழக்கத்தில் ‘ஆமாம், வேண்டாம்’ என்போம், அதே வேகத்தில் ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களுக்கு வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. அங்கே ‘நோ, ஐ டோன்ட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.