மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டிவிடலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம், பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள். கணவர் பஸ் ஓட்டுநர். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். இருவரின் வருமானமும் சேர்த்து வரிக்கு முன் ஆண்டுக்கு 58,000 பவுண்ட். மகள் 2008 மார்ச்சில் இங்கேயே பிறந்தவள். சிக்ஸ்த் ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. மே மாதம் ஏ லெவல் தேர்வு தொடங்குகிறது. செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் போய் உளவியல் படிக்க விரும்புகிறாள். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஒரு லண்டன் பல்கலைக்கழகத்திலும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சேமிப்பு 30,000 பவுண்ட். சீட்டில் இன்னும் 12,000 வரவேண்டும். பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது, மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் நாமே கட்டுவோம், போதாவிட்டால் வீட்டுக் கடனைக் கூட்டுவோம் என்கிறார் கணவர். மகளோ கடனைத் தானே எடுப்பதாகவும், தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், சனிக்கிழமைக் கடை வேலையை விடமாட்டேன் என்றும் சொல்கிறாள். மகனுக்கு 14 வயது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டாம். அதற்காக வீட்டுக் கடனைக் கூட்டும் எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். உங்கள் மகளுக்குப் பணம் தட்டுப்பாடாகப்போகும் இடம் வாடகையும் சாப்பாடும். சேமிப்பு அங்கேதான் தேவைப்படும்.

உங்கள் கணவரின் மனம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கடன் வாங்கினால் வட்டிக்காரன் வாசலில் நிற்பான் என்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த அச்சம் நம்மில் பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் மாணவர் கடனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கோபமோ அவசரமோ இல்லாத ஒரு மாலையில், பின்வரும் விவரங்களை அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு படிப்பைத் தொடங்கிய இங்கிலாந்து மாணவர்களுக்கு உரியது 'பிளான் 5' என்ற திட்டம். கட்டணம் அரசிடமிருந்து நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். 2026-27 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 9,790 பவுண்ட். மகள் 2029-இல் படிப்பை முடித்தால், 2030 ஏப்ரலுக்கு முன் ஒரு பென்ஸ்கூடத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகும் ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். இன்றைய வரம்பு 25,000 பவுண்ட். அதற்கு மேல் வரும் தொகையில் 9 சதவீதம். 32,000 பவுண்ட் சம்பளம் என்றால் மிகுதியான 7,000-க்கு ஆண்டுக்கு 630, அதாவது மாதம் 52 பவுண்ட் 50 பென்ஸ். 45,000 பவுண்ட் சம்பளம் என்றால் மாதம் 150. வரியைப் போலவே முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார். வேலை போனாலோ, குழந்தை பிறந்து சில ஆண்டுகள் வீட்டில் இருந்தாலோ, பிடித்தம் நின்றுவிடும். வீட்டுக்கு வசூல்காரர் வரமாட்டார், கிரெடிட் பதிவிலும் இது ஏறாது. பின்னாளில் அவள் வீடு வாங்கப் போகும்போது, அந்த மாதப் பிடித்தத்தை வங்கி ஒரு செலவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 40 ஆண்டுகள் கழிந்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி.

பலர் இந்தத் தள்ளுபடியைக் காட்டி, "யாரும் முழுதாகக் கட்டப்போவதில்லை, கவலைப்படாதீர்கள்" என்பார்கள். அதை நம்பித் திட்டமிட வேண்டாம். 30 ஆண்டுகளில் தள்ளுபடியான முந்தைய திட்டத்தில் அப்படிச் சொல்ல ஓரளவு இடம் இருந்தது. இப்போது 40 ஆண்டுகள் என்பதால் ஓரளவு நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் முழுவதையும் கட்டித்தீர்க்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகளும் கட்டித்தீர்ப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது, ஏனென்றால் பிளான் 5 வட்டி சில்லறை விலைவாசி உயர்வுக்குச் சமமானது மட்டுமே. அதற்கு மேல் கூடுதல் வட்டி கிடையாது. 2025-26-க்கு அது 3.2 சதவீதம். உங்கள் 30,000 பவுண்ட் நல்லதொரு சேமிப்புக் கணக்கில் விலைவாசியோடு ஒட்டி வளர்ந்தாலே, இன்று கட்டாததால் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. வீட்டுக் கடனைக் கூட்டினால் நிலைமை வேறு. கணவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் அந்தத் தவணை நிற்காது, அதற்குப் பிணை உங்கள் கூரை.

இன்னொன்றையும் கணவரிடம் சொல்லுங்கள். கடனை எடுத்துவிட்டுப் பிறகு எப்போது வேண்டுமானாலும், தண்டம் எதுவும் இல்லாமல், ஒரே தொகையாகக் கட்டி முடிக்கலாம். 2030-இல் மகளின் வேலையையும் சம்பளத்தையும் உங்கள் கைநிலையையும் பார்த்து அப்போது முடிவெடுக்கலாம். இன்று கட்டிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. விதிகளை அரசு மாற்றக்கூடும் என்பதும் உண்மை. முன்பு மாற்றியும் இருக்கிறது. பணம் உங்கள் கையில் இருந்தால்தான் அப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஏற்ப நீங்கள் நடந்துகொள்ள முடியும்.

இனி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வருவோம். வாழ்க்கைச் செலவுக்கான கடன் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தது. 2025-26 கணக்கில், லண்டனுக்கு வெளியே வீட்டைவிட்டுத் தங்கிப் படிப்பவருக்கு அதிகபட்சம் 10,544 பவுண்ட். அது கிடைப்பது குடும்ப வருமானம் 25,000 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். அந்த 25,000 என்ற கோடு பல ஆண்டுகளாக நகரவே இல்லை. இருவரும் முழுநேரம் உழைக்கும் எந்தக் குடும்பமும் அதைத் தாண்டிவிடும். இது மிகவும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வருமானத்திலிருந்து ஓய்வூதியப் பங்களிப்பையும், மகனுக்காக 1,130 பவுண்டையும் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். ஓய்வூதியத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்த ஆண்டின் விகிதப்படி மகளுக்கு ஏறத்தாழ 5,700 பவுண்ட் வரும். செப்டம்பரில் தொடங்குகிறவர்களுக்குச் சற்றுக் கூடும். மீதி 4,800-ஐப் பெற்றோர் தருவார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. மூன்று ஆண்டுக்கு 15,000-ஐ நெருங்கும் தொகை இது. இதைக் கட்டணத்தில் கரைத்துவிட்டால், மான்செஸ்டரில் பிள்ளை வாடகைக்கும் உணவுக்கும் கிரெடிட் கார்டைத் தேடுவாள். உண்மையில் ஆபத்தான கடன் அதுதான்.

ஆகவே 15,000 பவுண்டை மகளின் மூன்று ஆண்டுகளுக்கென்று ஒதுக்குங்கள். மீதியை வீட்டின் அவசரத் தேவைக்காகத் தொடாமல் வையுங்கள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வங்கியில் போடுங்கள், அடுத்த சீட்டில் சேர்க்க வேண்டாம். சீட்டு நடத்துபவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அதற்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. வங்கி மூழ்கினால் வைப்பாளர் ஒருவருக்கு 1,20,000 பவுண்ட் வரை வைப்பாளர் இழப்பீட்டுத் திட்டம் தரும். சீட்டு உடைந்தால் யாரும் தரமாட்டார்கள். அந்த 12,000-தான் மகனின் முறை வரும்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

கடனுக்கு விண்ணப்பிக்கத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புதிய மாணவர்கள் மே நடுப்பகுதிக்குள் விண்ணப்பித்தால் பணம் நேரத்துக்கு வரும். பல்கலைக்கழகம் மாறினால் விண்ணப்பத்தைப் பிறகு திருத்தலாம். மகள் மாணவர் கடன் இணையதளத்தில் தன் கணக்கில் விண்ணப்பிப்பாள். நீங்களும் கணவரும் அங்கேயே தனிக் கணக்கு திறந்து, 2024-25 வரியாண்டு வருமானத்தைத் தர வேண்டும். நடப்பு ஆண்டில் குடும்ப வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், இந்த ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். கணவர் மேலதிக நேர வேலையைக் குறைத்திருந்தால் இதை மறக்காதீர்கள்.

மான்செஸ்டரா, லண்டனா? பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டிலிருந்து போய்வருவது மலிவு. கடன் ஏறத்தாழ 4,100 பவுண்டாகக் குறைந்தாலும் வாடகை இல்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காக அவளைத் தடுத்து நிறுத்தாதீர்கள். உங்கள் கையிருப்பு மான்செஸ்டரைத் தாங்கும். எந்தப் பாடத்திட்டம் பிடித்திருக்கிறது, எந்த ஊரில் அவள் நன்றாகப் படிப்பாள் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டிலிருந்து எவ்வளவு தர முடியும் என்ற தொகையை முன்கூட்டியே, மறைக்காமல் சொல்வது. நம் வீடுகளில் சம்பளமும் சேமிப்பும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பதினெட்டு வயதில் அவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அவள் தன் பணத்தைத் தானே பார்க்கிறேன் என்பதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். இப்போதே கொடுத்துப் பாருங்கள். இம்மாதத்திலிருந்து போன் கட்டணம், மதிய உணவு, உடை, தோழிகளோடு வெளியே போகும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையை அவள் கணக்குக்கு மாதத்தின் முதல் நாள் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் ஆர்டர் போடுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துவிட்டால் மேலே கொடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். கோடையில் அதே தொகையை மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையில் கொடுங்கள். காரணம், வாழ்க்கைச் செலவுக் கடன் ஆண்டுக்கு மூன்று தவணையாகத்தான் வரும். அக்டோபரில் கணக்கில் பெரிய தொகையைப் பார்த்துச் செலவழித்துவிட்டு டிசம்பரில் தவிக்கும் முதலாண்டு மாணவர்கள் நிறைய. வங்கிகள் மாணவர் கணக்கோடு வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் தரும். அது அவசரத்துக்கு மட்டும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

சனிக்கிழமை வேலை பற்றி: ஈஸ்டர் விடுமுறை வரை தொடரட்டும். ஈஸ்டரிலிருந்து கடைசித் தேர்வு முடியும்வரை நிறுத்தி வைக்கும்படி கடையில் அவளே பேசட்டும். அந்த வாரங்களில் இழக்கும் சம்பளத்தை நீங்கள் ஈடுசெய்வதாகச் சொல்லுங்கள். சம்பளம் பறிபோகிறது என்ற எரிச்சல் இல்லாமல் படிக்க, அந்தச் சில நூறு பவுண்ட் மிகவும் பயனுள்ள செலவு. தேர்வு நெருங்கும்போது பதற்றத்தில் புதிதாக இரண்டு ட்யூஷன் வகுப்புகளைச் சேர்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. பள்ளி ஆசிரியர் குறிப்பிட்டுச் சொன்னாலன்றி அதைச் செய்யாதீர்கள். அந்தப் பணமும் அவளுடைய உறக்கமும் மிச்சமாகும்.

உங்களுக்கே தெரியாமல் அவளுக்கு ஒரு சேமிப்பு இருக்கக்கூடும். 2002 செப்டம்பர் முதல் நாளுக்கும் 2011 ஜனவரி 2-க்கும் இடையில் இங்கே பிறந்து, சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) பெற்ற பிள்ளைகளுக்கு அரசு 'சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட்' கணக்கு திறந்தது. பெற்றோர் எதுவும் செய்யாவிட்டாலும் அரசே திறந்துவைத்தது. மகள் பிறந்த காலத்தில் முதல் தொகை 250 பவுண்ட்; குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 500. பதினெட்டு வயதானதும் பணம் அவளுக்கே சொந்தம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், வரித்துறையின் இணையதளத்தில் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். கமிஷனுக்குத் தேடித்தருவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் பட்ஜெட்டில் ஓர் ஓட்டையும் விழும்: மகளுக்கான சைல்ட் பெனிஃபிட் பள்ளி முடிந்து ஆகஸ்ட் 31-ஓடு நின்றுவிடும்.

பதினெட்டு வயதானபின் பல்கலைக்கழகம் அவளுடைய மதிப்பெண்ணையோ கட்டணப் பாக்கியையோ அவள் அனுமதியின்றி உங்களிடம் சொல்லாது. போன் செய்து கேட்கும் பழக்கத்தை இப்போதே கைவிடுவது நல்லது. உங்கள் கையெழுத்து தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டில் நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போது பெற்றோரை ஜாமீன் கேட்பார்கள். சில படிவங்களில் மற்றப் பிள்ளைகளின் வாடகைப் பாக்கிக்கும் நீங்களே பொறுப்பு என்று இருக்கும். மகளின் பங்குக்கு மட்டும் பொறுப்பு என்று எழுதித்தரக் கேளுங்கள். அதற்கு முன் கையெழுத்திட வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு. வேலை விசாவில் வந்த குடும்பமென்றால் மாணவர் கடன் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் 2015-இல் உச்ச நீதிமன்றம் டிகெரே வழக்கில் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, நீண்டகாலம் இங்கே வாழ்ந்த இளைஞர்களுக்கென்று ஒரு வழி திறந்தது. 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர் வாழ்நாளில் பாதியையாவது இங்கே கழித்திருந்தால் கடனுக்குத் தகுதி பெறலாம். விண்ணப்பிக்கும் முன் குடிவரவு விதிகளும் மாணவர் கடன் விதிகளும் தெரிந்த ஒரு சட்ட ஆலோசகரைப் பாருங்கள்.

சகோதரி, ஏ லெவல் முடிவு ஆகஸ்ட் 13-ஆம் தேதி வருகிறது. அதற்கு முன் 2,000 பவுண்டை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் தனியாக வையுங்கள். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பிறகுதான் முதல் தவணைக் கடன் வரும். விடுதி வாடகையும் படுக்கைச் சாமானும் அதற்கு முன்பே செலவு கேட்கும். மதிப்பெண் குறைந்து, காலியிடங்களை நிரப்பும் கிளியரிங் வழியாக வேறு ஊரில் இடம் கிடைத்தாலும் அந்தத் தொகையே போதும். அன்று காலை கணவர் வேலைக்கு விடுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொலைபேசியில் பேசுவதை மகளே பேசட்டும், நீங்கள் இருவரும் பக்கத்தில் இருங்கள்.