இறக்கம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டு மலைப்பாதையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் சேலத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு வண்டியை இறக்கத் தெரியாது, பேசாமல் பஸ்ஸில் போங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 22 வருடமாக ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. அடிவாரத்திலிருந்து ஏரிக்கரைக்கு அரை மணி நேரத்தில் ஏறிவிடுவேன். நீங்கள் சொல்வதெல்லாம் அம்பாசடர் காலத்துப் பேச்சு. இப்போது வருகிற வண்டிகளில் ஏபிஎஸ், ஆறு ஏர்பேக் எல்லாம் இருக்கிறது. பழைய வண்டியை நியூட்ரலில்தான் இறக்குவேன், பெட்ரோல் மிச்சமாகும். இப்போது வைத்திருப்பது ஆட்டோமேட்டிக். டி-யில் போட்டுப் பிரேக்கில் கால் வைத்தால் போதும், தானாக இறங்குகிறது. மலைக்கு ஆட்டோமேட்டிக் லாயக்கில்லை என்று நீங்கள் எழுதியது சுத்தத் தவறு.

அப்புறம், மெதுவாக ஏறி வருகிறவர்கள் ஒதுங்காமல் நம்மை நிற்க வைக்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா? போன மாதம் கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் டிரைவர் என்னை ரிவர்ஸ் எடுக்க வைத்தார். பின்னால் நாலு வண்டி. எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

கே.எஸ்., அம்மாபேட்டை

அன்புள்ள கே.எஸ்.,

ஆட்டோமேட்டிக் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் எழுதியது தவறு. ஓட்டிப் பார்க்காமல், யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினேன். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. பாதிப் பேர் என்ற கணக்கும் நான் எண்ணிப் பார்த்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிவாரத்தில் டீக்கடை வாசலில் நின்றபோது, இறங்கி வந்த வண்டிகளிலிருந்து வந்த பிரேக் தீய்ந்த நாற்றத்தில் எழுதியது அது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி, ‘டி-யில் போட்டுப் பிரேக்கில் கால் வைத்தால் போதும்’ என்பதுதான். அங்கேதான் நாம் பிரிகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. காரும் ஆட்களும் லக்கேஜுமாக 1300 கிலோ என்று வையுங்கள். மேலிருந்து அடிவாரம் வருவதற்குள் 1000 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவருகிற சக்தி சுமார் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மூன்றரை மணி நேரம் ஓடவிட்டால் என்ன சூடு வருமோ அந்தச் சூடு. இது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். கியரில் இறக்கினால் இன்ஜின் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும், ரேடியேட்டரும் சைலன்சரும் அதை வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் விட்டால் மீதி மொத்தமும் நாலு சக்கரத்துப் பிரேக்கின் தலையில். அதுவும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்கிறீர்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பிரேக்கைக் குளிர வைப்பது அதன் வேலை இல்லை. ஏர்பேக் எல்லாம் முடிந்த பிறகு வருகிற சமாச்சாரம், அதை விடுங்கள்.

நான் யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் நியூட்ரல் கட்சியில் இருந்தவன்தான். 2011 மே மாதம், கோடை விழா நேரம். மாமனாரை முன் சீட்டில் உட்கார வைத்து மலர்க் கண்காட்சி காட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டியதும் அவர் மூக்கை உறிஞ்சினார். “மாப்ள, ஏதோ தீயற வாசம் வருதுங்களே.” முன்னால் போகிற லாரியாக இருக்கும் மாமா என்றேன். முன்னால் லாரியே இல்லை. அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சுக்குள் போகிற மாதிரி போனது. மறுபடி மிதித்தேன், இன்னும் கீழே போனது. செகண்டில் தள்ளினேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன்.

முன் சக்கரம் இரண்டிலும் புகை. பாட்டில் தண்ணீரோடு நான் குனிந்தபோது, சில்வர் ஓக் மரம் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும்.

“தண்ணி ஊத்தாதீங்க சார், டிஸ்க்கு கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா நில்லுங்க, அதுவா ஆறிரும். வரும்போது எந்த கியர்ல ஏறுனீங்க?”

“செகண்டு. சில இடத்துல ஃபர்ஸ்ட்.”

“அப்ப எறங்கறதும் அதுலதாங்க.”

இது லாரிக்காரர்களின் பழைய பாடம். இன்றைய டர்போ வண்டிகள் மூன்றாம் கியரிலேயே ஏறிவிடுவதால், இறங்கும்போது அதற்கும் ஒரு கியர் குறைத்துப் போடுவதுதான் சரியாக வருகிறது. மாமனார் வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் என்னோடு காரில் வரும்போதெல்லாம் ரோட்டைப் பார்க்க மாட்டார், கியர் ராடைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்.

பெடல் ஏன் பஞ்சானது என்று பிறகு மெக்கானிக் சொன்னார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155தான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், நாம் மிதிக்கிற மிதி ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. என் வண்டியில் ஐந்து வருடமாக ஆயில் மாற்றவில்லை. இன்ஜின் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தேன்!

பெட்ரோல் மிச்சம் என்கிற கதையையும் பார்த்துவிடலாம். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே வரும். ஆக நியூட்ரலில் இறக்குகிறவர்தான் அதிகம் செலவு பண்ணுகிறார். இதை எங்கள் தெருவில் சொல்லி ஒருவரையும் நம்ப வைக்க முடியவில்லை. சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறக்குவார்கள். நாலு மிதி மிதிப்பதற்குள் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் இரும்பாகும். தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம். தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் வரும் இறக்கம் அது. நியூட்ரலில் இறக்காதே என்று அங்கே ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் ஆட்டோமேட்டிக்கில் டி-க்குப் பக்கத்தில் எல் என்றோ, எம் என்றோ, கூட்டல் கழித்தல் குறி போட்டோ ஒன்று இருக்கும். டி-யில் வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விடலாம், இன்ஜினின் பிடி குறையும். இதில் கியரைக் குறைத்து வைக்கலாம், மலை இறக்கத்துக்கு அதுதான் வேண்டும். வளைவுக்குள் போன பிறகு அல்ல, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அதில் போடுங்கள்.

இப்போது உங்கள் பஸ் டிரைவர். மன்னிக்கவும், நான் அவர் கட்சி. மலையில், இரண்டு வண்டி தாராளமாகப் போக இடமில்லாத இடத்தில், இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். 1989ஆம் வருட சாலை விதிகளிலும் இருந்தது, 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. காரணம் சிம்பிள். இறங்குகிறவர் நின்றால் மறுபடி கிளம்ப ஒரு சிரமமும் இல்லை. ஐம்பது பேரோடு ஏறுகிற வண்டி வளைவில் நின்றால் மறுபடி அதைக் கிளப்புவது பெரும் பாடு, கொஞ்சம் பின்னால் நழுவினாலும் பின்னால் வருகிறவன் கதி என்ன?

அந்த பஸ் எப்படித் திரும்புகிறது என்று ஒருநாள் இறங்கி நின்று பாருங்கள். நீளமாக ஒரு ஹாரன். முகத்தை வெளிப்பக்கத் தடுப்புச் சுவர் வரை கொண்டுபோவார். முன் கண்ணாடி சுவருக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும், சக்கரம் ரோட்டுக்குள் இருக்கும். அப்புறம்தான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பார். அவருக்கு மொத்த ரோடும் வேண்டும், பேராசையால் அல்ல. அந்த ஹாரன் கேட்டதுமே நீங்கள் வளைவுக்கு மேலேயே நின்றிருந்தால் ரிவர்ஸே வந்திருக்காது. நீங்கள் மூக்கை உள்ளே விட்டுவிட்டீர்கள். (ஊருக்குள் ஐந்து ரோடு சந்திப்பில் ஹாரன் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மலையில் அடிக்காதவர்களைப் பிடிக்காது. வளைவில் நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

பஸ்ஸில் போங்கள் என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெறப் போவதில்லை. கைக்குழந்தை, வயதானவர்கள் என்றால் கார் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஜன்னலோர சீட் போதும். ஓட்டுகிறவனுக்கு இருபது வளைவிலும் தெரிவது ரோடு மட்டும்தான். மலை மேலே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையிலிருந்து ராத்திரி சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கலாம் என்று நினைத்த நாட்களிலெல்லாம், கீழே போய்ச் சேர வேண்டிய கவலையில் நான் பாதியிலேயே கிளம்பியிருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் ஏறியதைச் சொன்னீர்கள், இறங்க எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அடிவாரத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள். எல்-லில் இறக்கியதற்கும் டி-யில் இறக்கியதற்கும் கைக்கு என்ன வித்தியாசம் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.