வாசகர் கேள்விகள்: பாலினச் சிறுபான்மையினரும் வாக்குச்சீட்டும்

கடந்த இதழில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாலினச் சிறுபான்மையினர் அரசியல் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டு வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே தன்பாலீர்ப்பினரும் திருநங்கைகளும் கட்சியே நடத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேர்தல் ஆணைக்குழு எப்படி அனுமதித்தது?
– சி. ர., ஒட்டுசுட்டான்

அனுமதிக்கவில்லை. நீதிமன்றம்தான் அனுமதிக்க வைத்தது. ‘லட்லாட்’ என்ற அந்த அமைப்பை 2003 செப்டெம்பரில் தொடங்கியவர் எழுத்தாளரும் பேராசிரியருமான டான்டன் ரெமோட்டோ. 2006இல் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, நாடளாவிய உறுப்பினர் பலம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது ஆவணங்களால் சரிசெய்யக்கூடிய குறை. 2009இல் மறுபடியும் விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் நவம்பர் 11ஆம் திகதி வந்த மறுப்பு வேறு வகையானது. பைபிளையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டி, ‘ஒழுக்கக்கேடு’ என்ற காரணத்தால் பதிய முடியாது என்று எழுதினார்கள்.

அந்த மறுப்பே வழக்குக்கு வழி திறந்துவிட்டது. 2010 ஏப்ரல் 8ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லட்லாட் பக்கம் தீர்ப்பளித்தது. அரச அமைப்பொன்று மதநூலை ஆதாரமாக வைத்து முடிவெடுக்க முடியாது, பெரும்பான்மையினருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒருவரின் உரிமையைப் பறிக்கப் போதுமான காரணம் ஆகாது என்பதே அதன் சாரம். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் தன்பாலீர்ப்பு குற்றமே இல்லை. ஆகவே எந்தச் சட்டம் மீறப்பட்டது என்ற கேள்விக்கு ஆணைக்குழுவிடம் பதில் இருக்கவில்லை. அதிகாரி ஒருவர் மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று நாம் அடிக்கடி சொல்வது இதனால்தான். எழுதித் தந்த காரணத்தைத்தான் நீதிமன்றத்தில் உடைக்க முடியும்.

தீர்ப்பு வந்த பிறகும் ஏன் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை? ஆதரவாளர்கள் வாக்குப் போடவில்லையா?
– ஆசிரியை ஒருவர், மாங்குளம்

கணக்கைப் பார்த்தால் விளங்கும். அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் ஐந்தில் ஒரு பங்கு ஆசனங்கள் ‘கட்சிப் பட்டியல்’ முறைக்கு ஒதுக்கப்பட்டவை. வாக்காளர் தன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு வாக்கும், பட்டியலில் உள்ள ஓர் அமைப்புக்கு இன்னொரு வாக்கும் போடுவார். நாடு முழுவதும் 2 சதவீதம் எடுத்த அமைப்புக்கு ஓர் ஆசனம் உறுதி. எவ்வளவு எடுத்தாலும் மூன்றுக்கு மேல் இல்லை. மீதி ஆசனங்கள் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வரிசைப்படி போகும். 2010 மே தேர்தலில் லட்லாட்டுக்குக் கிடைத்தவை 1 லட்சத்துச் சொச்சம் வாக்குகள். அது அரை சதவீதம்கூட இல்லை. 2013இலும் ஏறக்குறைய அதே அளவுதான். தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் 2 சதவீதத்தை எட்டாத அமைப்பின் பதிவை நீக்கலாம் என்று 1995ஆம் ஆண்டின் கட்சிப் பட்டியல் சட்டம் சொல்கிறது. அதன்படி 2016 தேர்தலில் லட்லாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று.

தன்பாலீர்ப்பினர் எல்லோரும் தமக்கென்று நிற்கும் கட்சிக்கே வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்த்ததுதான் பிழை என்பது எம் கணிப்பு. அவர்களும் ஊர், மொழி, குடும்பம், கூலி, காணி என்ற கவலைகளோடுதான் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். தம்மை வெளிப்படுத்தாமல் வாழ்பவர்களிடம் பகிரங்கமாக வாக்குக் கேட்டுப் போவதும் இலகுவல்ல. போதாததற்கு, தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்வரை கட்சியின் நேரமும் பணமும் வழக்கிலேயே கரைந்தன.

திருநங்கை ஒருவர் அங்கே எம்.பி. ஆனார் என்கிறீர்கள். அப்படியென்றால் சமத்துவச் சட்டம் வந்திருக்க வேண்டுமே?
– க. த., வவுனியா

வரவில்லை. ஜெரால்டின் ரோமன் 2016இல் பட்டான் மாகாணத்தின் முதலாம் தொகுதியில் வென்று, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் முதல் திருநங்கை உறுப்பினரானார். அதே ஆசனத்தில் அவருக்கு முன் அவருடைய தாயும், அதற்கு முன் தந்தையும் இருந்தார்கள். குடும்பச் செல்வாக்கு துணை நின்றது உண்மை. என்றாலும் சபைக்குள் நின்று தன்னைப் பற்றியே பேசி, சமத்துவச் சட்டமூலத்துக்கு வாக்குச் சேர்த்தது அவருடைய உழைப்பு.

பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக வேலையிலும் பள்ளியிலும் வைத்தியசாலையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டமூலம் அங்கே முதலில் தாக்கலானது 2000ஆம் ஆண்டில். கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை அதை 2017 செப்டெம்பர் 20இல் 198க்கு 0 என்று நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. ஆனால் சட்டமாக வேண்டுமென்றால் மேல்சபையான செனட்டும் மூன்று வாசிப்புகளை முடிக்க வேண்டும். அங்கே அது விவாதக் கட்டத்திலேயே நின்றுவிட்டது. 2019இல் காங்கிரசின் காலம் முடிந்தபோது சட்டமூலமும் காலாவதியானது. அடுத்த காங்கிரசில் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கீழ்ச்சபையின் 198 வாக்குகள் புதிய காங்கிரசில் செல்லாது.

செனட்டில் 24 பேர். அனைவரும் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தெரிவாகிறவர்கள். எந்த மதக் குழுவின் மொத்த வாக்கையும் பகைத்துக்கொள்ள அவர்களுக்குத் துணிவு வருவதில்லை. ‘இது திருமணச் சட்டம்’ என்ற பிரசாரமும் சேர்ந்துகொண்டது. சட்டமூலத்தில் திருமணம் பற்றி எதுவும் இல்லை.

மத்தியில் முடியாவிட்டால் உள்ளூரில் முடியுமா? எங்கள் பிரதேச சபையால் என்ன செய்யலாம்?
– இளைஞர் கழகம் ஒன்றின் செயலாளர், முருங்கன்

பிலிப்பைன்ஸில் உண்மையான மாற்றம் நடந்ததே நகர சபைகளில்தான். கேசோன் நகரம் 2003இல் வேலைத்தளப் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. 2014இல் அதை விரிவாக்கி, கல்வி, சேவை, பொதுக் கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. ஆனாலும் 2019இல் அதே நகரத்தின் அங்காடி ஒன்றில் ஒரு திருநங்கையைப் பெண்கள் கழிப்பறைக்குள் விடாமல் தடுத்து, கைவிலங்கும் மாட்டினார்கள். சட்டத்துக்கு அப்போது ஐந்து வயது. வாசலில் நின்ற பணியாளருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் சட்டம் இருந்தும் பயனில்லை.

2023இல் அதே நகரம் தன்பாலின இணையர்களுக்கு ஓர் அட்டை அறிமுகப்படுத்தியது. அட்டையில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். வைத்தியசாலை ஊழியர் அதைக் கைபேசியில் வருடினால், ‘எனக்கு நினைவில்லாதபோது சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை இவருக்குத் தருகிறேன்’ என்று நொத்தாரிசு முன் எழுதிய அற்றோர்ணித் தத்துவப் பத்திரம் திரையில் வரும். திருமணச் சட்டத்தைத் தொடவே இல்லை. ஏற்கனவே இருந்த ஒரு சட்டக் கருவியை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். நமக்கு மிகவும் பிடித்த வேலை இது.

உங்கள் பிரதேச சபையால் தண்டனைச் சட்டத்தை மாற்ற முடியாது. உபவிதி என்றால் மேலிட அங்கீகாரமும் வர்த்தமானியும் வேண்டும், காலம் எடுக்கும். தீர்மானத்துக்கு அவை தேவையில்லை. ஓர் உறுப்பினர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்தால் விவாதத்துக்கு வரும். பொதுவாக ‘பாகுபாட்டை எதிர்க்கிறோம்’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘சபைக்குரிய நூலகம், சந்தை, மைதானம், பொது மலசலகூடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும், சபையின் வேலைக்கு ஆட்களைச் சேர்ப்பதிலும், பாலின அடையாளமோ பாலீர்ப்போ காரணமாக எவருக்கும் மறுப்புத் தெரிவிக்கக்கூடாது. முறைப்பாடுகளைச் செயலாளர் பொறுப்பேற்று 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும்.’ பொறுப்பாளர் யார், எத்தனை நாள் என்ற இரண்டும் இல்லாத தீர்மானம் கூட்ட அறிக்கையோடு நின்றுவிடும். நிறைவேறிய பின் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, நூலகத்திலும் சந்தையிலும் ஒட்டுங்கள்.

வன்னியில் இப்படி ஒரு குழு தேர்தலில் நின்றால்?
– அ. ஜெ., செட்டிகுளம்

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். சுயேச்சைக் குழு 9 பேரின் பெயர்களைத் தரவேண்டும். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தால் கணக்கிலேயே சேராது. செல்லுபடியான வாக்குகள் 2 லட்சம் என்று வைத்தால், அது 10,000. அதைத் தாண்டினாலும் ஆசனம் உறுதியில்லை. ஆகவே தனிப் பட்டியலைவிட, நிற்கும் கட்சிகளிடம் விஞ்ஞாபனத்தில் ஒரு வரியை எழுத்தில் கேட்பதே பயன் தரும். விருப்பு வாக்கு மூன்று போடலாம் என்பதால், அந்த வரிக்காகப் பேசத் துணிந்த வேட்பாளருக்கு அதில் ஒன்றைத் தரும்படி கேட்கவும் முடியும்.

கேட்க வேண்டிய வரி எது என்பதிலும் தெளிவு வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்ததும் அது செல்லாமல் போயிற்று. ‘அந்தத் திருத்தத்துக்கு நீங்கள் கையுயர்த்துவீர்களா?’ என்று வேட்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

நான் திருநங்கை. அடையாள அட்டையில் பெயரும் பாலினமும் மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

தங்கச்சி, ஒழுங்கு தவறினால் ஒவ்வொரு அலுவலகமும் உங்களை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பும். முதலில் அரச வைத்தியசாலையின் உளமருத்துவ நிபுணரிடம் போங்கள். 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி அவர்தான் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தரவேண்டும். ஒரே சந்திப்பில் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு, உங்கள் பிறப்புப் பதிவு இருக்கும் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பியுங்கள். திருத்திய பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கிராம அலுவலர் ஊடாக அடையாள அட்டை. கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பின்னர்.

நம் பகுதியில் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது படியில். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கும், அல்லது பதிவேடே அழிந்திருக்கும். பதிவே இல்லாவிட்டால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும். ஆகவே உளமருத்துவரிடம் போகும் நாட்களிலேயே பிரதேச செயலகத்தில் உங்கள் பதிவைத் தேடச் சொல்லிக் கேளுங்கள். புதிய பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லாப் படிவத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒருவரை உடையைக் காட்டி அவமானப்படுத்தினால்?
– ச. ம., கிளிநொச்சி

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை எல்லோருக்கும் தருகிறது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைக் கொடுத்ததே போதும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நடந்த திகதி, நேரம், அங்கிருந்தவர்களின் பதவி, சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.