மின்புலம் கொடுத்தால் காந்தம் பிறக்குமா?

கேள்வி: டோபாலஜிகல் இன்சுலேட்டரின் உள்ளே மின்சாரம் பாயாது, மேற்பரப்பில் மட்டும் பாயும் என்று படித்தேன். அதை மின்புலத்தில் வைத்தால் என்ன ஆகும்?

பதில்: இந்தப் பாடத்தை நடத்தும்போது எனக்கு உற்சாகம் கூடிவிடும். சாதாரண மின்கடத்தாப் பொருளில் மின்புலம் கொடுத்தால் மின்னேற்றங்கள் கொஞ்சம் விலகி நிற்கும், அவ்வளவுதான். பிஸ்மத் செலினைடு போன்ற டோபாலஜிகல் இன்சுலேட்டரில் கதை வேறு. அதன் எல்லாப் பக்கங்களையும், காந்தத் திசை வெளிநோக்கி இருக்கும் மெல்லிய படலத்தால் மூடி, நன்றாகக் குளிர்விக்கிறோம் என்று வையுங்கள். மேற்பரப்பில் மின்சாரம் நேராகப் பாய்வது நின்றுபோகும். அப்புறம் மின்புலம் கொடுத்தால், அதற்குச் செங்குத்தாக ஒரு ஹால் மின்னோட்டம் பொருளைச் சுற்றி ஓடும். சுற்றி ஓடும் மின்னோட்டம் என்றாலே காந்தம்தானே? ஆக, மின்புலத்தின் அச்சிலேயே காந்தமாக்கம் பிறக்கிறது. காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவாக்கம், அதாவது நேர், எதிர் மின்னேற்றங்கள் எதிரெதிர்ப் பக்கம் விலகி நிற்பது, வரும்.

இதன் அளவுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். அது பொருளின் தடிமனையோ வேதியியலையோ பொறுத்ததல்ல. மேற்பரப்பின் ஹால் கடத்துதிறன் (மின்புலத்துக்குச் செங்குத்தாக எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதன் அளவு), எலெக்ட்ரான் மின்னேற்றத்தின் வர்க்கத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வருவதில் சரிபாதி. 2008இல் சீ, ஹியூஸ், ஜாங் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் இதைக் கோட்பாடாக எழுதினார்கள். 2016இல், காந்தப்புலத்தில் வைத்த பிஸ்மத் செலினைடு படலங்கள் வழியே டெராஹெர்ட்ஸ் ஒளியைச் செலுத்தி, அதன் முனைவாக்கத் தளம் (ஒளியின் மின்புலம் அதிரும் தளம்) திரும்பும் கோணத்தை அளந்தார்கள். ஒளிக்கும் மின்னேற்றத்துக்கும் இடையிலான பிணைப்பின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி, அதாவது சுமார் 1/137, அதில் அப்படியே வெளிப்பட்டது!

ஒரு தொல்லை உண்டு. செலினியம் அணுக்கள் சில இடங்களில் விடுபட்டாலே உட்பகுதியும் கடத்தத் தொடங்கிவிடும். சுத்தமான படலம் வளர்ப்பதுதான் பெரிய வேலை.